தோற்றவரின் படம்

புடாபெஸ்ட்
4 மே 2009

மதிப்பிற்குரிய ராய் அவர்களுக்கு,

மார்லீனின் முழங்கால் தேவலையா?

நம் போக்கர் சீட்டாட்ட இதழின் ஹங்கேரியப் பதிப்பு, ஜூன் மாதத்துக்குத் தயார். அட்டையை மட்டும் மாற்ற விரும்புகிறேன். போன செவ்வாய்க்கிழமை பிரோஷ்கா என்ற அம்மாள் நம் பழைய இதழ்களைப் பை நிறையத் தூக்கிக்கொண்டு அலுவலகம் வந்தார். அவருடைய மகன் பாலிண்ட், நம் இதழைப் படித்துவிட்டு, சீட்டாடியே பிழைக்கலாம் என்று ரயில்வே வேலையை உதறியவன். இருந்ததெல்லாம் தோற்று, பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டான். அம்மாள் சத்தம் போடவில்லை. இதழ்களை மேசையில் பரப்பிவிட்டு, "எல்லாத்துலயும் ஜெயிச்சவங்க படமாவே இருக்கே, தோத்தவங்க ஒருத்தர்கூடவா இல்ல?" என்று கேட்டார்.

மகன் படத்தைப் போடலாமா என்று நான் கேட்டேன். அவர் சம்மதித்துவிட்டார், பாலிண்டின் படத்தை அட்டையில் போட அனுமதி தாருங்கள்.

இல்டிகோ

லாஸ் வேகஸ்
12 மே 2009

அன்பு இல்டிகோ,

மார்லீன் கைத்தடியோடு நடக்கிறாள். உன் கடிதத்தை அவளும் படித்தாள்.

இருபத்தொரு வருஷம் முன்பு கணவன் மனைவி நாங்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து பின் குத்திச் சேர்த்த எட்டுப் பக்கம், இன்று பதினொரு மொழிகளில் வருகிறது. அத்தனையையும் தாங்குவது இணையச் சீட்டாட்ட நிறுவனங்களின் விளம்பரம்தான். அந்தப் படம் வந்தால் அவர்கள் விலகிவிடுவார்கள். லிஸ்பன், வார்சா பதிப்புகளில் இருப்பவர்களுக்கும் வேலை போகும். வேண்டாம் அம்மா. என்னை மன்னித்துவிடு.

உன் ராய்

லாஸ் வேகஸ்
20 ஜூன் 2009

இல்டிகோ,

இதழ் வந்து சேர்ந்தது. என் பேச்சைத் தட்டிவிட்டாய். உன் பதிப்பை நிறுத்தும் தாளில் இன்று காலை நான்தான் கையெழுத்திட்டேன். வேறு யாரும் சொல்லி இதை நீ அறியக்கூடாது.

மார்லீன் அட்டையில் அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "முதல் இதழ்லயே உன் தம்பியப் பத்தி எழுதச் சொன்னேன். நீ கேக்கல, ராய்" என்றாள்.

உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என் தம்பி டேலும் சீட்டில் தோற்று, இப்படித்தான் போனான். அவன் பெயரை நான் எந்த மொழியிலும் அச்சிடவில்லை.

ராய்

புடாபெஸ்ட்
3 ஜூலை 2009

மதிப்பிற்குரிய ராய் அவர்களுக்கு,

அலுவலகத்தைக் காலி செய்துவிட்டோம். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத முயன்றேன். பொய்யாகிவிடும் என்று அடித்துவிட்டேன்.

பிரோஷ்கா அம்மாளிடம் பதிப்பு நின்றதைச் சொன்னேன். டேலைப் பற்றியும் சொன்னேன். உங்கள் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. எழுதினால் நான்தான் மொழிபெயர்த்து அனுப்புவேன். உங்கள் பதிலையும் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

அதைத் தவிர, நாம் இருவரும் எழுதிக்கொள்ள இனி ஒன்றுமில்லை.

இல்டிகோ