ஒரே உரலுக்கு இரண்டு சக்களத்திகள்

என் பர்வீன் கண்ணுக்கு,

உயிரோடு இருந்தபோது உன்னை ஒரு நாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால், "இன்னாடி வேணும், நேரா கேளு" என்றிருப்பாய். இப்போதும் எனக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

முதலில் லேப் செய்தி. உன் போட்டோவை உலைக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். சூட்டில் பிளாஸ்டிக் மாலை வாரத்துக்கு ஒரு முறை சுருங்கிப்போகிறது. முரளி அண்ணாதான் மாற்றுகிறார். ஆறு வருஷமாக ஆய்வேட்டை முடிக்காமல் இருந்தவர், இன்னும் முடிக்கவில்லை. மாலை மாற்றும்போது, "நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்டம்மா, இங்க யாருமே இவ்ளோ சீக்கிரம் கெளம்பினதில்ல" என்று போட்டோவிடம் சொல்வார். பிறகு டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு மணி நேரத்துக்கு வரமாட்டார்.

பேராசிரியர், அதாவது நம் சார், யார் வந்தாலும் உன்னைத்தான் காட்டுகிறார். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள்கூட ஒரு நாள் வந்தார்கள். கறுப்புத் துணி தொங்கும் நம் அலமாரிக்குள் ஒவ்வொருவராகத் தலையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே உன் தூள். விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் பச்சையாக மினுங்கும் உன் தூள். "போன தீபத் திருவிழா வாரத்துல வந்த வெளிச்சம் இது. அண்ணாமலையார் குடுத்தது" என்றார் சார். பொருள் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் பேசுகிற பேச்சு.

எனக்கு உன் மேல் பொறாமை, பர்வீன். நீ போய் எட்டு மாதம் ஆகியும் அது குறையவில்லை. உன்னை உங்கள் அப்பா ஸ்கூட்டரில் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். நான் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ, பிறகு ஒரு பேருந்து, அதில் பாதி நாள் படிக்கட்டு. நீ ஆங்கிலத்தில் பேசினால் சார் தலையாட்டுவார். நான் பேசினால் என் இலக்கணத்தைத் திருத்துவார். எந்த ஊர் என்று கேட்டு, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டு, காலனி என்று நான் சொன்னதும் "ம்" என்றாரே, அந்த "ம்" உனக்குத் தெரியும். நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

உனக்கும் கிடைக்காமல் இல்லை. "நாளைக்கு கெஸ்ட் வர்றாங்கம்மா, சாப்பாடு வெஜ்ஜா கொண்டாந்துடு" என்று உன்னிடம் சொன்ன அன்று, ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் உன் டிபன் பாக்ஸை இரண்டு பேரும் காலி செய்தோம். எலும்பைக் கடித்துக்கொண்டே நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்பதிலும் எனக்குப் பொறாமைதான்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு உங்கள் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஆறே நாள் காய்ச்சலில் ஒருத்தி போய்விடுவாளா என்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, இனிமேல் காலையில் உரல் எனக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உரல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அகேட் கல்லில் செய்த, உள்ளங்கையில் அடங்கும் சின்ன உரல். உலைக்குப் போகும் எந்தத் தூளையும் முதலில் அதில் போட்டு மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். நம் குழுவில் நல்ல நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. காலையில் உனக்கு, மதியத்துக்கு மேல் எனக்கு. "ஒரே உரலுக்கு ரெண்டு சக்களத்தி" என்று முரளி அண்ணா பெயர் வைத்தார். "மூத்தவ நான், காலைல எனக்குத்தான்" என்றாய் நீ. அரைத்து முடித்தவர் அதை ஆசிட்டில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து, நோட்டில் நேரம் எழுதி, 'ஆசிட் கழுவல்' கட்டத்தில் டிக் போட வேண்டும். அது சார் வைத்த சட்டம்.

நீ அரைத்தது ஒளிரும் தூள். நான் அரைத்தது காந்தத் தன்மைக்காக டிஸ்ப்ரோசியம் சேர்த்த வெறும் சாம்பல் நிறத் தூள். அதைப் பார்க்க யாரும் தலையை எங்கேயும் விடவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டே என் அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணு செஞ்சது வெளிச்சம் குடுக்குதுன்ற. நீ செய்யறது இன்னாடி குடுக்குது?"

நீ போன பிறகு உன் வேலையைச் சார் என்னிடம் கொடுத்தார். உன் கட்டுரையைப் பார்த்த ஒரு வெளிநாட்டுக் குழு, தாங்களும் சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் தூள் கேட்டது. உன் தூளில் மிச்சம் இருந்தது ஒரு சிட்டிகை. புதிதாகச் செய்தேன். உன் நோட்டில் உள்ளபடியே அதே அளவு, அதே சூடு, அதே நேரம். ஐந்து நிமிஷத்தில் அணைந்துபோனது. மறுபடி செய்தேன். பதினோரு முறை செய்தேன், பர்வீன். பதினோரு முறையும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அது சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது பர்வீன் கைராசிம்மா. உனக்கு வராது, விடு" என்றார் முரளி அண்ணா. சார் அப்படிச் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு கிட்ட ஒரு சுத்தம் இருந்துச்சு. சுத்தம்ன்றது வளர்ந்த இடத்துல வரணும். இங்க வந்து கத்துக்கிறது கஷ்டம்தான்" என்றார்.

அன்றைக்கு உரலை மூன்று முறை கழுவினேன். மறுநாளிலிருந்து நான்கு முறை. ஆசிட் பட்டு விரல் நுனியெல்லாம் உரிந்தது. எவ்வளவு கழுவினேனோ, அவ்வளவு சீக்கிரம் அணைந்தது.

புரட்டாசிப் பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காக மதியமே பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். தற்காலிக நிலையத்துக்கு நடந்தே போக வேண்டும். என் தூளை அரைத்து முடித்ததும், ஆசிட்டுக்கு நேரமில்லை என்று உரலை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, நோட்டில் டிக் போட்டுவிட்டு ஓடினேன். காலையில் வந்ததும் அந்த நினைப்பே இல்லாமல் அதே உரலில் உன் தூளை அரைத்தேன். பன்னிரண்டாவது முறை.

உலையிலிருந்து எடுத்து ஆறவைத்து, வெளிச்சம் காட்டி, அலமாரிக்குள் தலையை விட்டேன். ஐந்து நிமிஷம் ஆனது. அரை மணி ஆனது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். இருந்தது.

உரல் நோட்டை எடுத்துப் போன தீபத் திருவிழா வாரத்துப் பக்கத்தைத் திருப்பினேன். உன் மூன்று தூளும் அந்த வாரத்தில் அரைத்தவைதான். ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள் மாலை என் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் டிக். அந்த வாரம் முழுவதும் பேருந்து ஊருக்கு வெளியேதான் நின்றது. ஒரு நாளும் நான் கழுவவில்லை. உரலின் பளபளப்பில் ஒட்டிக்கொண்டிருந்த என் சாம்பல் தூள்தான் உன் வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருந்தது. கழுவிய உரலில் ஒன்று, என் தூளை வேண்டுமென்றே துளி கலந்து ஒன்று என்று செய்து பார்த்தும் விட்டேன். சந்தேகமே இல்லை. அண்ணாமலையார் கொடுக்கவில்லை, போக்குவரத்து மாற்றம் கொடுத்தது.

உன் நோட்டிலும் அந்த வாரத்தைத் தேடினேன். ஓரத்தில் உரலைப் பற்றி, என் பெயரைச் சுருக்கித் தமிழில் எழுதியிருந்தாய்: 'மார்ட்டர் தேனு கழுவிட்டா. திரும்பக் கழுவ வேணாம்.' அது நம்பிக்கையா, சோம்பேறித்தனமா? இல்லை, நான் பொய் டிக் போடுகிறவள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

சாரிடம் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். "இது பெரிய விஷயம்மா. நாமளே யோசிச்சு சேர்த்தோம்னு புது பேப்பர் எழுது. முதல் பேர் உனக்கு. பர்வீன் பேப்பருக்கு ஒரு திருத்தம் அனுப்பிடலாம். சாம்பிள் செஞ்சவங்க கவனக்குறைவால அசுத்தம் கலந்துடுச்சுன்னு."

"கழுவாதது நான் சார்."

"அது யாருக்குத் தெரியும்? அந்தப் பொண்ணு வந்து கேக்கப்போவுதா?"

"நோட்டுல இருக்கு சார்."

"உரல் நோட்டு கிழிஞ்சிபோச்சுன்னு சொல்லிட்டு புதுசு போட்டுக்கலாம். பர்வீன் நோட்டை அவங்க வூட்ல குடுத்துடு. ஞாபகமா வெச்சுக்கட்டும்."

சரி சார் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது, இரண்டு நாள் எனக்குப் பிடித்திருந்தது. கட்டுரையின் தலைப்பை அடித்து, கீழே என் பெயரை முதலில் அடித்து, பெரிய எழுத்தாக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்த நீ அசுத்தம் ஆனாய். காலனிக்காரி நான் கண்டுபிடித்தவள் ஆனேன். இதற்குத்தானே இவ்வளவு நாள் எரிந்துகொண்டிருந்தேன்?

மூன்றாம் நாள் உன் நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். "வா பேட்டி" என்று மகளைப் போலக் கூப்பிட்டு, உன் அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார். உன்னைப் போல நானும் அவரை அம்மி என்றே கூப்பிடுவேன். இரங்கல் கூட்டத்தில் சார் உன் தூளைப் போட்டுக் கொடுத்த கண்ணாடிக் குப்பி அவர் இடுப்பு முடிச்சில் இருந்தது. ஜன்னல் வெயிலில் காட்டிவிட்டு, முந்தானைக்குள் பொத்தி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். "பாரேன், இன்னும் இருக்கு. என் பொண்ணு கையால செஞ்சது."

அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. துக்க வீட்டில் பேசுகிற பேச்சா என்று நீ திட்டினாலும் சரி, சொல்லிவிட்டேன். "அம்மி, அதுல என் தூளும் கலந்திருக்கு. நான் உரலைக் கழுவல. கழுவுனதா பொய்யா எழுதிட்டேன்."

அம்மி குப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே உரல்லதானே அரைச்சீங்க, கலக்காம இருக்குமா? மசாலா அரைச்ச ஜார்ல சக்கரை அரைச்சா வாசனை ஜாஸ்தியா ஏறிடாது? இதைக் கண்டுபிடிக்கவா இவ்ளோ நாள் படிச்சீங்க?" என்றார். பிறகு, "அப்ப இது உன்னுதும்தான். புடி" என்று குப்பியை என் கையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவரிடம் கேட்டுக்கொண்டு, நோட்டைக் கொடுக்காமல் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். திருத்தக் கடிதத்தை நானே எழுதினேன். உரலைக் கழுவாமல் கழுவியதாகக் குறித்தவள் தேன்மொழி என்று பெயர் போட்டு எழுதினேன். உன் நோட்டின் பக்கத்தையும் உரல் நோட்டின் பக்கத்தையும் நகல் எடுத்து, பின் அடித்து, இன்று காலை சார் மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "உன் ஆய்வேடு இன்னும் என் கையெழுத்துக்கு வரலைன்றது ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். முரளி அண்ணா தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வா, உக்காரு. இன்னும் ஆறு வருஷம் ஒண்ணா டீ குடிக்கலாம்."

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். புதுக் கட்டுரையில் முதல் பெயர் எனக்கு வேண்டும், பர்வீன். ஏன் அணைகிறது, ஏன் அணையவில்லை என்று கண்டுபிடித்தது நான். அதை உனக்கு விட்டுத் தரமாட்டேன். நீ இருந்திருந்தால் இதற்காக ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்போம். உன் பெயர் எனக்கு அடுத்து வரும். நன்றி சொல்லும் வரியில் வராது. ஆசிரியர் வரிசையில், என்னை ஒட்டி வரும்.

அதற்குப் பதிலாக நான் கொடுப்பது இது. உன்னை அசுத்தம் என்று சொல்லும் எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்து இருக்காது. ஆய்வேடு ஆறு வருஷம் மேசையில் கிடந்தாலும் இருக்காது. காலையில் உரல் இப்போது எனக்குத்தான். எடுக்கும்போதும் கழுவுகிறேன், வைக்கும்போதும் கழுவுகிறேன், கழுவிய பிறகுதான் டிக் போடுகிறேன். பேருந்து போனால் போகட்டும்.

இப்படிக்கு,
உன் இளைய சக்களத்தி
தேன்மொழி