சஹன் யாருடைய யோசனை

இன்று மத்தியானம் சஹன் தட்டின் மூடியைத் தூக்கியதும் நெய்ச்சோற்று வாசம் முகத்தில் அடித்தது. கோழித்துண்டைப் பார்க்கும் முன்பே உன் நினைவு வந்தது. எதிலும் எனக்கு முந்திக்கொள்ளும் பழக்கம் உன்னை இன்னும் விடவில்லை.

அப்போது யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நாம் இரண்டாம் வருடம் படிக்கும்போது பல்கலைக்கழகத்திலிருந்து இதே ஆலங்குடா மண்டபத்துக்குத்தான் கூட்டி வந்தார்கள். மனவெழுச்சி நுண்ணறிவுப் பயிற்சி. "பேரச் செல்லவே மூச்சு வாங்குது புள்ள" என்றாய். சிங்களப் பிள்ளைகள் ஒரு மூலை, தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மூலை, முஸ்லிம் பிள்ளைகள் நாம் ஒரு மூலை. எல்லாரையும் பழக வைக்க ஒரு வழி யோசித்து வாருங்கள் என்று சொல்லித் தேநீருக்கு விட்டார் பயிற்சியாளர்.

தேநீர்க் கோப்பையோடு உன் காதில் நான்தான் சொன்னேன். "கலியாண வீடு மாதிரி ஆறு பேருக்கு ஒரு சஹன் வைப்பம். கலந்து இருத்துவம். ஒரே தட்டுல கை வெச்சா கதைக்காம ஏலுமா?"

உள்ளே போனதும் என் முழங்கையை இடித்தாய். "நீயே செல்லு. இல்லாட்டி நான் செல்லுவன்." நான் தரையைப் பார்த்தேன். மூன்று தரம் இடித்துவிட்டு நீ எழுந்தாய். தமிழும் சிங்களமும் கலந்து நீ சொல்லி முடிக்க மண்டபமே கைதட்டியது. "இது இவட யோசன" என்று என்னைக் காட்டினாய். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் கைகளை மடியிலேயே வைத்திருந்தேன்.

யோசனை என்னுடையது. அடுத்த நாள் கண்டக்குழியிலிருந்து சோறாக்கி அனுப்பியது என் உம்மா. கைதட்டு உனக்கு. எனக்கு வயிறு எரிந்தது. ஒரே சஹனில் இருந்தும் உன்னோடு கதைக்கவில்லை. நல்ல துண்டாகப் பிய்த்து என் பக்கம் தள்ளினாய். நான் அதை அடுத்தவள் பக்கம் தள்ளினேன். அவள் உனக்கு நன்றி சொன்னாள்.

படிப்பு முடிந்த அடுத்த வருடம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஜனாஸாவாகத்தான் திரும்பினாய். வான் பிடித்து வந்த சிங்களத் தோழிகள் என்னைவிடச் சத்தமாக அழுதார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

இப்போது இந்தப் பயிற்சியை நடத்துகிறவள் நான். "சஹன் யார்ட யோசன மிஸ்?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். "என்னுடையது" என்பேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

இன்று கேட்டபோது, காலையிலிருந்து வாய் திறக்காமல் தரையைப் பார்த்திருந்த ஒரு பிள்ளை என் சஹனில் இருந்தாள். அவளைப் பார்த்ததும் முழுவதையும் சொல்லிவிட்டேன். "யோசன என்ட. எழும்பிச் சொன்னது என்ட கூட்டாளி. அவ எழும்பாட்டி இந்தச் சஹன் இல்ல."

பெயர் என்ன, எப்படிச் சிரிப்பாள், எந்த ஊர் என்று அவர்கள் கேட்கக் கேட்கச் சோறு ஆறிப்போனது. கடைசியில் கைதட்டினார்கள். உனக்குத்தான்.

மறுபடியும் எனக்கு வயிறு எரிந்தது. அது இனிப் போகாது. ஆனாலும் மடியிலிருந்த இடக்கையை எடுத்துச் சோற்றுக் கையோடு சேர்த்து நானும் தட்டினேன். விரலெல்லாம் நெய். சத்தம் சரியாக வரவில்லை.