ஐந்து புடவைப் போர்வை

அடி பூனை,

நாலு நாளைக்கு முன்னால் உன் மகள் செல்வி நம் கடைக்கு வந்து ஒரு துணி மூட்டையை என் மடியில் வைத்தாள். முடிச்சை அவிழ்த்ததும் உன் வாசனை வந்தது. மஞ்சள், பூந்திக்கொட்டை, கொஞ்சம் மிஷின் எண்ணெய். உன் நூல் புடவைகள்.

"பெரிம்மா, மாசி பொறந்தா எப்ப வேணா வலி எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அம்மா தெச்சித் தரேன்னு சொன்ன போர்வைய நீதான் தெக்கணும். அஞ்சு பொடவ இருக்குது. நல்லா தொவச்சிட்டுத் தெய்மா, பச்சப் புள்ளைக்கு" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவள் போனதும் வாசனை போய்விடாமல் மறுபடி இறுக்கி முடிந்து வைத்துவிட்டேன். ஐப்பசியில் நீ என்ன சொன்னாய்? "மார்கழி ஆர்டர் முடியட்டும். எம் பேரப்புள்ளைக்கு எம் பொடவையிலயே தெக்கப்போறேன். எவளும் கை வெக்கக் கூடாது." கார்த்திகையில் நீயே போய்ச் சேர்ந்துவிட்டாய். துவைத்தால் உன் வாசனை போய்விடும். துவைக்காத துணியைப் பிறந்த பிள்ளைக்குப் போர்த்த முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாலு நாள் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதினால் கோணல் மாணலாகத்தான் வரும். நீ படிக்கப் போகிறாயா என்ன?

பட்டுக்குப் பேர்போன ஊரில் பழைய நூல் புடவைக்கு ஒரு கடையா என்று, நாம் இரண்டு பேரும் கடை போட்ட புதிதில் எல்லோரும் சிரித்தார்கள். நாலைந்து புடவையை அடுக்கி, ஓரத்தை மிஷினில் அடித்து, நடுவில் கையால் வரிவரியாகத் தையல் ஓட்டிப் போர்வையாக்கினோம். சிரித்தவர்களே மார்கழிக் குளிரில் வந்து நின்றார்கள். சித்திரையில் மட்டும் ஈ ஓட்டுவோம். அப்போது நீ தைத்து முடித்த போர்வை அடுக்கின் மேல் ஏறிச் சுருண்டு தூங்குவாய். உனக்குப் பூனை என்று பேர் வைத்தது அதனால்தான். எழுப்பினால், "தூங்கலக்கா, தையல் எங்கனா குத்துதான்னு பாத்துக்கினு இருக்கேன்" என்பாய்.

வைகாசியில் கருட சேவைக்குத் தென்னேரிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனம் வரும். போர்வை வாங்கியவர்களைவிட நம் கடையில் தண்ணீர் குடித்தவர்கள்தான் அதிகம். கைப்பிள்ளைக்காரி யாராவது வந்தால் நீயே ஒரு போர்வையைக் குறுக்கே கட்டி மறைத்து, பால் கொடுக்க உட்காரவைப்பாய். அந்தப் போர்வையை அப்புறம் புதுசு என்று விற்கவும் மாட்டாய்.

ஐப்பசி அடைமழையில் எதுவும் காயாது. கடைக்குள்ளேயே கயிறு கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டிருப்போம். வருகிறவர்கள் குனிந்து குனிந்து வந்து, "யாருமா உள்ள?" என்பார்கள். "நாங்களும் இங்கதான் காஞ்சிக்கினு இருக்கோம், வாங்க" என்று எங்கிருந்தோ உன் குரல் வரும்.

போகி வந்தால் உன்னைப் பிடிக்க முடியாது. விடியும்போதே கோணிப்பையோடு தெருவில் இறங்கிவிடுவாய். "யக்கா, அது நூல் பொடவ! நெருப்புல போடாத, இப்டி வீசு!" புகையில் கண் சிவந்து, முடியெல்லாம் சாம்பலாக நீ வந்து நிற்பதைப் பார்த்து நான் திட்டுவேன்.

அப்படி ஒரு போகியில்தான் நான் ஒரு தப்பைச் செய்தேன். ஏனாத்தூரிலிருந்து ஒரு பெண், செத்துப்போன அவள் அம்மாவின் புடவைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். துவைக்க வேண்டாம், அப்படியே தையுங்கள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அது தெரியாமல், நீ தெருவில் வாங்கி வந்த புடவைகளோடு அதையும் நான் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். போர்வையை வாங்க வந்தவள் பிரித்து மோந்து பார்த்தாள். "எங்கம்மா வாசன எங்கமா?" என்று கேட்டாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

நீ முன்னால் போய், "நான்தாம்மா ஊற வெச்சிட்டேன். எந் தப்புதான்" என்றாய். அவள் அழுது முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் நின்றாய். அப்புறம், "வாசன போச்சுமா. உங்கம்மா கட்டின துணி போவல. போத்திக்க" என்று நீயே அவள் தோளில் சுற்றிவிட்டாய். அவளும் சுற்றிக்கொண்டேதான் பஸ் ஏறினாள்.

"ஏன்டி பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ ஏற்கெனவே அழுதுக்கினு இருந்த. ரெண்டு பேரும் அழுதா யாருக்கா பதில் சொல்றது?"

இன்று காலையில் செல்வி மறுபடி வந்தாள். மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் தொவைக்கலியா? புள்ள பொறந்து ஸ்கூலுக்குப் போவும்போது தருவியா?" என்றாள். உன் வாய் அப்படியே. அவள் வயிறு நன்றாக இறங்கியிருந்தது. இதற்கு மேல் நாள் கடத்த முடியாது. ஏனாத்தூர்ப் பெண்ணிடம் நீ சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக வாளியில் போட்டேன்.

மாம்பழக் கலர், அது செல்வி கல்யாண வேலையில் கட்டியது. ஊதா, தினம் கடைக்குக் கட்டுவது. வெள்ளையில் நீலப் பூ போட்டது. நான் எடுத்துக் கொடுத்த சிவப்பு. ஐந்தாவதைக் கையில் எடுத்து நின்றுவிட்டேன். பாசிப் பச்சையில் கறுப்புக் கட்டம். நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, இது உங்கம்மாதுதானா?"

"பீரோவுல அடியில மடிச்சி வெச்சிருந்திச்சி. நானும் பாத்ததில்ல பெரிம்மா."

ஐந்தும் வெயிலில் காய்ந்தன. மோந்து பார்த்தேன். சோப்பும் வெயிலும்தான் இருந்தன. கொஞ்சம் அழுதேன். அப்புறம் வேலையைப் பார்த்தேன்.

பிள்ளைப் போர்வையில் இருப்பதிலேயே மெத்தென்றிருக்கும் துணிதான் உடம்பில் படும் பக்கம் வரவேண்டும். "கையி காப்பு காச்ச கையி, அதுக்குத் தெரியாது. கண்ண மூடிக்கினு கன்னத்துல வெச்சிப் பாரு" என்பாய். நீ இல்லாத இந்த மூன்று மாதமும் அப்படித்தான் பார்க்கிறேன், இனியும் அப்படித்தான் பார்ப்பேன். இன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தையும் கன்னத்தில் வைத்தேன். ஒன்று பூ மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் அந்தப் பச்சைப் புடவை.

உள்பக்கத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். நூறு தரம் கட்டி நூறு தரம் துவைத்தால்தான் நூல் இப்படி இளகும். இருபத்திரண்டு வருஷம் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் என் பக்கத்திலேயே இருந்தவளே, எனக்குத் தெரியாமல் இதை எங்கேடி கட்டிக்கொண்டிருந்தாய்?