போர்டு வாசித்த வார்த்தை

மாரெட்பள்ளி,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் ஜோசியாவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருப்பாராக. புதன்கிழமையிலிருந்து போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. பெண்டாட்டி அழுதால் பெற்றவளின் நம்பர்கூடக் கசந்துவிடுகிறது. லீவு முடிந்து அங்கே வரும் டேவிட்சனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையில் கொடுத்தால் படித்துத்தானே ஆகவேண்டும்.

அவள் வாயால் கேட்டிருப்பாய், என் வாயாலும் கேள். அன்று உன் பெண்டாட்டி பெர்லினுக்கு பி.எட். கடைசிப் பரீட்சை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் காட்டவேண்டும். வகுப்பில் தெலுங்குப் பிள்ளைகள், இந்திப் பிள்ளைகள் எல்லாம் கலந்து இருக்குமாம். தன் போனை ஸ்மார்ட் போர்டோடு இவள் சேர்த்துவிட்டால், போனில் வருவதெல்லாம் போர்டிலும் தெரியுமாம்; அந்த எழுத்தைத் தொட்டதும் அது தெலுங்கில் மாற்றி வாசித்துக் காட்டுமாம். குழம்பு அடிப்பிடிப்பதுகூடத் தெரியாமல் ஒரு மாதமாகப் போர்டு, போர்டு என்றே திரிந்தாள்.

பரீட்சைக்குப் போகிற வழியில், 'அத்தை, எனக்காக ஜெபம் பண்ணுங்க' என்று மெசேஜ் போட்டாள். பண்ணினேன். பிறகு உன் அக்கா ஜூடித்துக்கு இரண்டு வார்த்தை அனுப்ப நினைத்தேன். எனக்கு டைப் அடிக்க வராது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும்படி செய்துகொடுத்தவள் பெர்லின்தான். மேலே இருந்த பெயரைத் தொட்டுப் பேசிவிட்டேன். அது ஜூடித் இல்லை, இவள்.

'மலடி இன்னைக்கு ஊரான் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கப் போயிருக்கா. பெத்துக்க வக்கில்ல, போர்டு ஒண்ணுதான் குறைச்சல்.' இவ்வளவுதான் சொன்னேன். எந்த மாமியாரும் சொல்லாததையா சொல்லிவிட்டேன்?

அது போர்டில் போய் நின்றிருக்கிறது. பாடத்தில் ஒரு வரி என்று நினைத்து முன் பெஞ்சுப் பிள்ளை எழுந்து தொட்டுவிட்டது. தமிழாகவே கிடந்திருந்தால் அங்கே யாருக்குப் புரியும்? போர்டு அதைத் தெலுங்கில் கணீரென்று வாசித்ததாம். 'கொட்ராலு' என்றதாம். மலடிக்குச் சரியான வார்த்தைதான், மிஷினைக் குறை சொல்ல முடியாது. பெரிய பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஒரு சிறுசு எழுந்து, 'டீச்சர், கொட்ராலு அண்டே ஏந்தி?' என்று அர்த்தம் கேட்டதாம். பிள்ளை பெறாதவள் என்று இவள் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு, மிச்சப் பாடத்தையும் நடத்தி முடித்தாளாம். கூடப் படிக்கும் உஷா சொன்னாள். பெர்லின் துணிமணியை எடுக்க வந்தவள், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

பரீட்சையில் பெயில். சொந்த மெசேஜ் வராமல் நிறுத்திவைக்கத் தெரியவில்லை, போர்டைக் கையாளும் பயிற்சி போதாது என்று பரீட்சை எடுத்தவர் எழுதிவிட்டார். அதற்கு நானா பொறுப்பு? திருமுல்கேரிப் பள்ளிக்கூடத்தில் தருவதாகச் சொன்ன வேலையும் போயிற்று. இப்போது அமீர்பேட்டில் ஏதோ ஹாஸ்டலில் இருக்கிறாள். வரச்சொல் என்று உஷாவிடம் சொன்னேன். 'நக்கோ, வேணாம் ஆன்ட்டி, இனிமேலாவது அவளை விட்டுடுங்க' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மகனே, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குறை உன்னிடம்தான் என்று டாக்டர் சொன்னது நம் மூவருக்கு மட்டும்தான் தெரியும். ஜூடித்துக்குக்கூடத் தெரியாது. இத்தனை வருஷமாகப் பெர்லின் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு வகுப்பே சிரித்தபோதும் சொல்லவில்லை. நல்ல பெண்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஹாஸ்டலில் நாலு பெண்கள் கூடிப் பேசும்போது, வயிற்றெரிச்சலில் வாய் தவறிவிடும். ஆம்பிளைப் பிள்ளைக்கு அந்தப் பேர் வந்தால் நான் சர்ச்சில் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவேன்?

அவள் திரும்பி வராவிட்டால் போகட்டும். இனியும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை வாங்கிவிடு. நீ கேட்டால் தருவாள்.

கர்த்தர் உன் பேரைக் காப்பாராக.

உன் அம்மா,
அன்னம்மாள்