பாதியாக வெட்டிய மாத்திரை

அக்கா,

இன்று அடுக்களை அலமாரியைத் துடைக்கும்போது உன் மாத்திரை வெட்டும் டப்பி கையில் சிக்கியது. உள்ளே பிளேடு இன்னும் கூராகத்தான் இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். நீ போன பிறகும் உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

என் சிறுநீரகம் ஒன்றை உனக்குப் பொருத்திய பிறகு, அதை நீ வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போலத் தாங்கினாய். தண்ணீர் குடித்தால் அதற்காக, மிக்சரைத் தொடாவிட்டால் அதுவும் அதற்காக. உடம்பு அதைத் தள்ளிவிடக்கூடாது என்று உன் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்து வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, எத்தனையோ பேர் உடம்பில் சும்மா கிடக்கும் ஒரு வைரஸ் உனக்குள் தலைதூக்கியது. அதற்குக் கொடுத்த மாத்திரையைத்தான் நீ யாருக்கும் சொல்லாமல் பாதியாக வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாய்.

கண்ணில் புகை படர்கிறது என்று நீ சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "ஏட்டி, முழுசாப் போட்டா ஒன் கிட்னிக்குப் பாரம்லா? அதான்" என்றாய். ஆஸ்பத்திரியில் இந்திக்கார டாக்டரம்மா "அரே தீதி!" என்று உன்னை அக்கா முறை சொல்லித் தலையில் கைவைத்தார். அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பிய வைரஸ் இப்போது அந்த மருந்துக்கே அடங்காது என்று விளக்கினார். இனி டிரிப்பில் ஏற்றும் வேறு மருந்துதான். அது கண்ணையும் உயிரையும் காப்பாற்றலாம், சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் கெடுத்துவிடும்.

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். "நீ அறுத்துக் குடுத்தத நான் கெடுக்க மாட்டேன்."

நான் மாஸ்க்குக்குள்ளிருந்தே கத்தினேன். "கிட்னிய வளக்கவா குடுத்தேன்? ஒனக்குல்லா குடுத்தேன்!"

வாசலில் நின்ற நர்ஸ் "தீரே போலியே" என்று, மெதுவாகப் பேசச் சொல்லி என்னை அதட்டினாள். நீ இந்தப் பக்கம் திரும்பி ஊசி குத்தக் கையை நீட்டினாய்.

வைரஸ் அடங்கியது. கண்ணும் தெளிந்தது. பயந்தபடியே சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. டயாலிசிஸுக்குப் போன முதல் நாள் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாய். சும்மா வா என்று அதட்டினேன். அப்புறமும் சில வருஷம் இருந்தாய். போன தை மாதம் உன் இதயம் நின்றுவிட்டது.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் இன்னமும் "நீ குடுத்ததும் வீணாப் போச்சே" என்று உச்சுக் கொட்டுகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தச் சில வருஷமும் லோதி ரோடு குவார்ட்டர்ஸ் ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருப்பாய். ஆபீஸ் விட்டு வரும் என்னை அத்தனை தூரத்திலேயே பார்த்துவிட்டு, "என்னட்டி, மொகம் வாடிக் கெடக்கு?" என்று தெருவே கேட்கக் கத்துவாய். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இப்போது வாடிய முகத்தோடு வந்தாலும் கேட்க ஆளில்லை. ஆனாலும் குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டும்போது உன் குரல் எனக்குள் கேட்கிறது, உன்னிடம் பதில் சொல்லிக்கொண்டேதான் படியேறுகிறேன். திரும்பவும் கேட்டார்களானால் திரும்பவும் கொடுப்பேன், அக்கா.