கேட்டில் நிற்கிற கேப்டன்

நாமக்கல் விடுதி
6.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மதுமதி எழுதுவது. நான் நலம். என் வேதியியல் மதிப்பெண்தான் கொஞ்சம் படுத்த படுக்கையாக இருக்கிறது, பயப்படும்படி இல்லை. உறையை ஒட்டும் முன் வார்டன் மேடம் இதைப் படித்துப் பார்ப்பார் என்பதால் அவருக்கும் இங்கேயே ஒரு வணக்கம் வைத்துவிடுகிறேன். வணக்கம் மேடம். நேற்றுக் கட்டியிருந்த இளம்பிள்ளைச் சேலை உங்களுக்கு எடுப்பாக இருந்தது.

மெஸ்ஸில் சாம்பார் அண்டாவின் மேல் "தீ விபத்தின்போது மட்டும் பயன்படுத்தவும்" என்று யாரோ சிவப்புப் பெயிண்டால் எழுதிவிட்டார்கள். அந்த யாரோ நான்தான் என்று உடனே முடிவு கட்டிவிட்டார்கள். தீயணைப்புத் தொண்டர் குழுவின் கேப்டனுக்கு மகளாகப் பிறந்தவள் இந்த விடுதியில் நான் ஒருத்திதானே. தண்டனையாக அண்டாவைத் தேய்த்தேன். அழுக்குப் போய்விட்டது, எழுத்துப் போகவில்லை. சாம்பார் இன்னமும் அதில்தான் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில் குமரகுரு அண்ணன் பேசியபோது, பச்சமுத்து மாமா தோளில் கட்டுப் போட்டிருக்கிறார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். எப்படி என்று கேட்டேன். அப்பாவிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவன் மழையைப் பற்றிப் பேசினால் வீட்டில் எதையோ மறைக்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே கேட்பதற்குள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் முதுகில் கிள்ளிவிட்டாள். விடுதியில் செல்போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். வேறு வழியில்லாமல் கடிதம்.

நீங்களே எழுதுங்கள். மழை வேண்டாம்.

உங்கள் அடக்கமான மகள் (மேடம் சிரிக்கக் கூடாது),
மதுமதி


குமாரபாளையம்
13.7.2025

அன்பு மகள் மதுமதிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா சத்துமாவு உருண்டை பிடித்து அனுப்பியிருக்கிறாள். பாதியையாவது நீ சாப்பிடு, சாமி.

மறைக்க ஒன்றும் இல்லை. நம் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும். உள்ளே போகிறவன் தன் பைக் சாவியைக் கேட்டில் நிற்கும் கேப்டனிடம் கொடுத்துவிட்டுப் போவான், வெளியே வந்ததும் வாங்கிக்கொள்வான். கையில் சாவி மிஞ்சினால் உள்ளே ஆள் மிஞ்சியிருக்கிறது. பயிற்சி கொடுத்த நிலைய அதிகாரி டோக்கன் வைத்துக்கொள்ளச் சொன்னார். டோக்கனை இவர்கள் தொலைப்பார்கள், வண்டிச் சாவியைத் தொலைக்க மாட்டார்கள் என்று நான்தான் இப்படி மாற்றினேன்.

அன்று ஒரு விசைத்தறிக் கூடத்தில் பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டது. அரசாங்க வண்டி வேறொரு தீக்குப் போயிருந்தது. நாங்கள் குட்டியானை வேனில் தண்ணீர்த் தொட்டியும் பம்ப்பும் ஏற்றிக்கொண்டு போய்விட்டோம். எல்லோருடைய சாவியும் என் சட்டைப் பையில். உள்ளே பைப் பிடித்திருந்த பையனுக்கு இருமல் தாங்கவில்லை. கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். சாவிகளும் என்னோடு வந்துவிட்டன. கேட்டில் யாரும் இல்லை.

உள்ளே போயிருந்த தனபால் அந்த நேரம் வெளியே வந்து, சாவி வாங்க ஆள் இல்லாமல், எதிர்க் கடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான். பச்சமுத்துவுக்கு அது தெரியாது. கேட்க ஆளும் இல்லை. தனபாலைத் தேடிக்கொண்டு மறுபடி உள்ளே போனான். கூரையிலிருந்து சிமெண்ட் அட்டை தோளில் விழுந்தது. எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. சேர்ந்துவிடும்.

கேப்டன் உள்ளே போனால் குழுவுக்குக் கண் போன மாதிரி என்று நிலைய அதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்னார். தப்புதான், ஒத்துக்கொண்டேன். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஊரார் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கேட்டில் நிற்கிறவனுக்கு என்ன பெயர்?

அண்டாவில் இனி எழுதாதே. வார்டன் அம்மாவுக்கு என் வணக்கம்.

அப்பா
காளியண்ணன்


நாமக்கல் விடுதி
20.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அதற்குப் பெயர் கேப்டன். கேட்டிலேயே நிற்பதால் கேட்டன் என்றும் சொல்லலாம்.

இந்தக் கடிதத்தில் சிரிப்பு அவ்வளவுதான். உருண்டை வந்தது; என் அறைத் தோழி அஃபீபா பாதியும் நான் பாதியும் சாப்பிட்டோம்.

இங்கே வீட்டிலிருந்து அவசரமாக ஏதாவது சேதி வந்தால் ஆபீஸ் அக்கா ஒரு சீட்டோடு வகுப்பு வாசலில் வந்து நிற்பார். சீட்டில் யார் பெயரோ அவள் எழுந்து போவாள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டாலே பேனாவை மூடிவிடுகிறேன். அவர் சாக்பீஸ் கேட்டு வந்தால்கூட, என் பெயர்தான் என்று பாதி எழுந்துவிடுகிறேன். இந்த முறை மாமாவின் தோளோடு போயிற்று. அடுத்த முறைக்கு நான் காத்திருக்க மாட்டேன்.

ஆகையால் எனக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும், வாயால் இல்லை, உங்கள் கையெழுத்தில். "எது எரிந்தாலும், யார் உள்ளே இருந்தாலும், கேட்டை விட்டு நகர மாட்டேன்." வாசகம் அஃபீபாவுடையது. அவள் வக்கீலாகப் போகிறாள். "எது எரிந்தாலும்" என்பதோடு நான் நிறுத்தியிருந்தேன். அப்பாக்களுக்குச் சின்னச் சந்து கிடைத்தாலும் நுழைந்துவிடுவார்கள் என்று "யார் உள்ளே இருந்தாலும்" என்பதை அவள்தான் சேர்த்தாள்.

தீயை அணைக்க ஊரில் எத்தனையோ கை இருக்கிறது. என்னை அணைக்க உங்கள் கைதான். (மேடம், உணர்ச்சியான இடம். தயவு செய்து கத்தரிக்காதீர்கள்.)

எழுதி அனுப்புகிற வரை உருண்டை வேண்டாம்.

மதுமதி


குமாரபாளையம்
27.7.2025

அன்பு மகளுக்கு,

எது எரிந்தாலும், யார் உள்ளே இருந்தாலும், கேட்டை விட்டு நகர மாட்டேன்.

காளியண்ணன்

பச்சமுத்துவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். தோள் வலிக்கிறது என்று கட்டை விரலை வைத்துவிட்டான். கீழே நீலமாக இருப்பது அதுதான்.

இன்னொரு சேதி. உன் அண்ணனும் பயிற்சி முடித்துக் குழுவில் சேர்ந்துவிட்டான். பைப்பைப் பிடித்தால் அசைய மாட்டேன் என்கிறான், கெட்டிக்காரன். அம்மாவுக்கு மட்டும் மனசே இல்லை. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்.

உருண்டை அனுப்பியிருக்கிறது.

அப்பா


நாமக்கல் விடுதி
12.11.2025

திரு. காளியண்ணன் அவர்களுக்கு,

ஆபீஸ் அக்கா சீட்டோடு வந்தார். என் பெயர்தான்.

போனில் அம்மா இருந்தார். அண்ணனுக்குக் கை வெந்துவிட்டது, ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நான் கேட்காமலேயே சொன்னார்.

"உங்கப்பா சாவியக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தாரு, சாமி. நவுரவே இல்ல."

எல்லோரும் வெளியே வந்தாயிற்று. ஒரே ஒரு சாவி மிச்சம். அது யாருடையது என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வண்டியை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நீங்கள்.

நான்தான் எழுதி வாங்கினேன். மறக்கவில்லை. யார் உள்ளே இருந்தாலும் என்று போடச் சொன்னதும் நாங்கள்தான். அண்ணன் உள்ளே இருந்தால் மட்டும் போங்கள் என்று அதன் கீழே தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு அப்பாவுக்கு அதையும் எழுதிக் கொடுக்க வேண்டுமா? யாரோ ஒரு பையனின் இருமலுக்கு உங்களால் நிற்க முடியவில்லை. இவனுக்கு நிற்க முடிந்தது.

இனிமேல் போன் வரிசையில் நிற்பது அம்மாவிடம் பேசத்தான்.

மதுமதி

வார்டன் மேடம், இதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை.


குமாரபாளையம்
18.11.2025

அன்பு மகள் மதுமதிக்கு,

உன் கடிதத்துக்கு அம்மா கை நீட்டினாள், கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தீப்பிடித்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. பயிற்சி கொடுத்தால் சரியாகலாம் என்று டாக்டர் சொல்கிறார்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். பஞ்சுக் கழிவு குடோன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கழிவு பிரிக்கிற பெண் ஒருத்தி உள்ளே மாட்டிக்கொண்டாள். குமரகுருவும் தனபாலும் பைப்போடு போனார்கள். அவளைத் தனபால் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், குமரகுரு பின்னாலேயே வருகிறான் என்றான். வரவில்லை. அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து நடுவழி அடைந்துவிட்டது. கூரை அட்டைகள் வெடிக்க ஆரம்பித்தன.

பச்சமுத்து என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கப் பார்த்தான்.

"மச்சான், நீங்க போங்க. கேட்டுல நான் நின்னுக்கறேன்."

நான் போகவில்லை. அவனையும் விடவில்லை. பம்ப் தண்ணீரை மூட்டைகள் பக்கம் திருப்பச் சொன்னேன். நின்ற இடத்தில் நின்று விசில் ஊதிக்கொண்டே இருந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். சேதி தெரிந்து அம்மா ஓடி வந்தாள். என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏனுங்க, உள்ளாற இருக்கறது நம்ம பையன்."

வாயிலிருந்து விசிலை நான் எடுக்கவில்லை. பிறகு அவனே தவழ்ந்து வெளியே வந்துவிட்டான்.

உனக்கு எழுதிக் கொடுத்ததால்தான் நின்றேன் என்று உன் தலையில் போட மாட்டேன். அந்தக் கூரைக்குக் கீழே பச்சமுத்துவை அனுப்ப மாட்டேன் என்றால் நானும் போகக் கூடாது. கணக்கு அதுதான். கணக்குச் சரியாக இருந்தும் என் கால் எப்படி அங்கே நின்றது என்று தெரியவில்லை, சாமி. விசிலைத் தனபாலிடம் கொடுத்துவிட்டேன். இனி எந்தக் கேட்டிலும் நிற்க எனக்குத் தெம்பில்லை.

பரீட்சைக்கு நன்றாகப் படி.

அப்பா


நாமக்கல் விடுதி
4.1.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

அரையாண்டு விடுமுறை முழுக்க ஒரே வீட்டில் இருந்துவிட்டு, உங்களிடம் பேசாமலே திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் சாம்பார் ஊற்றியபோது "போதும்" என்றேன். அதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

அண்ணனோடு சேர்ந்து உங்களைத் திட்டலாம் என்றுதான் வந்தேன். கோபத்தில் எனக்குக் கூட்டணி பிடிக்கும். அவன் அறுந்த தறி இழையை இடது கையால் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். அப்பாவை எப்படி உன்னால் மன்னிக்க முடிகிறது என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்துக் கையில் அடிக்கப் போனேன். பிறகு சொன்னான்.

"உள்ளாற எந்தப் பக்கம் சுவரு, எந்தப் பக்கம் வழி, ஒண்ணுந் தெரியல மது. விசில் மட்டும் ஒரே எடத்துல இருந்து வந்துட்டே இருந்துச்சு. மூட்டை மேல ஏறி, அதைப் பாத்துத்தான் தவந்து வந்தேன். அப்பாவும் உள்ளாற வந்திருந்தா நான் எங்க போறது?"

அடுப்படியில் மிக்ஸி நின்றுவிட்டது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் "சாப்பிட வாங்க" என்றார். உங்களுக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் வாசலுக்கு ஓடினேன். வாசலுக்குப் போனதும் அது சிரிப்பாக இல்லை.

அப்போதே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். திமிர் விடவில்லை. கேலி பேசத்தான் எனக்கு வாய். மற்றதெல்லாம் இப்படிக் காகிதத்தில்தான் வருகிறது. நவம்பரில் உங்களைத் திரு. போட்டுக் கூப்பிட்டதை நான் திரும்பப் படிக்க விரும்பவில்லை. நீங்களும் படிக்காதீர்கள்.

புது கேப்டனைப் பற்றியும் ஒன்று. மாட்டுத் தீவனத்துக்கு அடுக்கியிருந்த மக்காச்சோளத் தட்டுப் போர் எரிந்த அன்று அண்ணன் வேடிக்கை பார்க்கப் போயிருந்தான். தனபால் மாமா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து மாட்டுக் கொட்டகைக்குள் ஓடிவிட்டாராம். கேட்டில் ஒரு நாய் நின்றதாம். அண்ணன் கத்திக் கத்தி எல்லோரையும் வெளியே வரவழைத்திருக்கிறான். ஓடுவது எல்லோருக்கும் வருகிறது அப்பா. நிற்பதுதான் வரவில்லை. உங்களுக்கும் ஒரு தரம் வராமல் போனதுதானே.

விசிலைத் திரும்ப வாங்குங்கள். தனபால் மாமா சந்தோஷமாகக் கொடுப்பார், அவருக்கு அது கழுத்தை அறுக்கிறது.

மே மாதம் எனக்குப் பதினெட்டு முடிகிறது. பரீட்சையும் முடிந்திருக்கும், பயிற்சிக்கு வருகிறேன். பெண்பிள்ளை எதற்கு என்று குழுவில் யாராவது ஆரம்பித்தால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உள்ளே போவதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வெளியே நீங்கள் நிற்பதாக இருந்தால் போவேன். வேறு யார் நின்றாலும் மாட்டேன்.

உங்கள் மகள்,
மதுமதி