மே இருபது அன்று நாங்கள் ஊரில் இல்லை

ஏப்ரல் 12

பள்ளிக்கு நேற்றோடு விடுமுறை. நாலாம் வகுப்பு விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்தாயிற்று. பெங்களூரில் வேலை முடிந்து சாயங்கால ரயிலில் வந்த எட்மண்ட், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "சீலி, வியட்நாம் போறோம். ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன். மே பதினெட்டு போய் இருபத்தஞ்சு வரோம்."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஊட்டியைத் தாண்டாத மனிதர். சரி என்றேன். சோறு போட்டேன்.

மே இருபது நடுவில் வருகிறது. எங்கள் ஒரே பிள்ளை ஏனோக், பங்காருபேட்டை ரோட்டில் பைக்கோடு விழுந்து எங்களை விட்டுப் போய் அன்றோடு ஒரு வருஷம். தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 13

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஆபிரகாம் கேட்டார். "வருஷ ஜெபம் எத்தினி மணிக்கும்மா வெச்சிக்கலாம்?"

முதல் வருஷம் என்றால் இங்கே ஒரு முறை உண்டு. முந்தின நாள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மறுநாள் காலை எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே கூடுவார்கள். பிறகு வீட்டில் எல்லாருக்கும் இட்லி. நான் வாயைத் திறப்பதற்குள் எட்மண்ட் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

ஏப்ரல் 19

கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நாம இங்க இல்லனா எப்டிங்க?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார். "சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன்ல நான் ஏறுனா எவனாச்சும் எழுந்து எடம் குடுக்கிறான். ஒரு வருஷமா, டெய்லி. நம்ம மாரிகுப்பம் ரயில்ல எவன்னா எழுந்திருப்பானா? கெழவன் வந்தாலே கால நீட்டிக்குவானுங்க. எனக்கு நின்னுகினு போவணும் சீலி. இன்னா ஆச்சுன்னு தெரியாத ஊர்ல ஒரு வாரம் இருக்கணும்."

அப்போதும் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. அடக்கம் செய்த நாளிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்பவள் நான் ஒருத்திதான். அவர் ஒரு முறை சொன்னால் போதும், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றுகூட நினைத்தேன். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உள்ளே ஒன்றுமே அசையவில்லை.

ஏப்ரல் 26

விசா வந்துவிட்டது.

மே 3

நாங்கள் போவது டாலாட் என்ற மலையூர். காலையில் வெயில், மத்தியானம் தினமும் மழையாம். ராத்திரி பதினெட்டு டிகிரி. இங்கே முப்பத்தாறு, தங்கச் சுரங்கத்துச் சயனைடு மண்மேட்டுத் தூசி பறந்து வந்து, காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு ஸ்வெட்டர், இரண்டு குடை எடுத்து வைத்தேன். பக்கத்து வீட்டுத் தங்கம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"வருஷம் திரும்பல, அதுக்குள்ள டூரா?"

"ஆமாக்கா, அங்க மழையாம்."

என்ன பதில் இது?

மே 9

அந்த ஊர்ப் பணத்துக்கு டாங் என்று பெயர். நம் முன்னூற்றுச் சொச்சம் ரூபாய் அங்கே ஒரு லட்சம். நாங்கள் லட்சாதிபதி ஆக இதைவிட்டால் வேறு வழியில்லை.

டிக்கெட் போட்ட இடத்தில் டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். மடிப்பு விழுந்த நோட்டை வாங்க மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ரயில் கூட்டத்துக்குப் பயந்து எட்மண்ட் வாங்கிய டாலர் எல்லாவற்றையும் நாலாக மடித்து உள்பையில் திணித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொன்றாக நீவி பைபிளுக்குள் வைத்து, மேலே அரிசி டப்பாவை ஏற்றினேன். போன வருஷம் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

மே 17

விடிந்ததும் வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். எட்மண்டைக் கூப்பிடவில்லை. ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொரு பூச்சு. "மூணு நாள் முன்னாடியே அடிக்கிறேன்டா" என்று ஏனோக்கிடம் சொன்னேன். கை எரிந்தது. அழுகை இல்லை. எனக்குள் என்னதான் ஆகிவிட்டது?

பாஸ்டரிடமும் சொல்லியாயிற்று. "போய்ட்டு வாங்கம்மா. நாங்க ஜெபம் பண்ணிக்கிறோம்" என்றார்.

மே 20, டாலாட்

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். கடைக்கார அம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். தன் பாஷையில் போனிடம் ஏதோ சொல்லி, அதை எங்கள் பக்கம் நீட்டினாள். போன் தமிழில் கேட்டது. "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

எங்கள் ஊரில் ஒரு வருஷமாக யாரும் இதைக் கேட்டதில்லை. எட்மண்ட் எழுந்து மழையில் இறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

குனிந்து போனிடம் சொன்னார். "ஒரே பையன். பேரு ஏனோக்."

அந்த அம்மா சிரித்தபடி "இனோ" என்று சொல்லிப் பார்த்தாள். வயது கேட்டாள். "இருபத்திமூணு. பெங்களூர்லதான் வேலை. தெனம் என்கூடதான் ரயில்ல வரான். உக்காந்ததும் என் தோள்ல சாஞ்சி தூங்கிடுவான்." மூச்சு விடாமல் பேசினார். அவன் கன்னடப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டதையும் சொன்னார். அவன் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த அம்மா போனை என் பக்கம் திருப்பினாள்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்காமலே சொன்னேன்.

"காலைல அவன எழுப்பறதுதான் பெரிய பாடு."